கருங்காலிப் பலகை

ஆம்பூர் ரயிலடியில் மூக்கில் வைத்த கைக்குட்டையை, இருதயராஜின் தச்சுப்பட்டறைக்குள் வந்த பிறகுதான் எடுத்தார் அந்தோணி வாத்தியார். ஊருக்கே சோறு போடும், தோல் பதனிடும் டேனரி வாசனை அவருக்குக் குமட்டல். காலில் பளபளத்த பூட்ஸ் மட்டும் எந்த மரத்தில் காய்த்ததோ!

வேலூர் மாதாகோயில் பாட்டுக் குழுவுக்கு அவர்தான் தலைவர். ஈஸ்டருக்குள் அவருடைய புது கிட்டார் முடிந்தாக வேண்டும். அதன் கழுத்தின்மேல் விரல் ஓடும் கருங்காலிப் பலகையை ஒட்டுவதைக் கண்ணால் பார்த்தே தீருவேன் என்று வந்திருந்தார்.

இருதயராஜ் பலகையின் மேல்பக்கத்தை லேசான வளைவாக இழைத்து, கண்ணாடிச் சில்லால் சுரண்டி, விரல் வழுக்கும்படி செய்திருந்தான். இப்போது அதைக் கழுத்தில் பொருத்தி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். மயிரிழை இடைவெளி தெரிந்த இடத்தில் மறுபடி சீவினான்.

அப்போது ராஜம்மாள் வந்தாள். வழக்கமாகக் கொண்டுவரும் சின்னத் துணி மூட்டையை இருதயராஜிடம் கொடுத்துவிட்டு, வாத்தியாரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"ஐயா, எம் பொண்ணு வேலூர்ல அத்தை வூட்டுல தங்கிப் படிக்குது. நல்லாப் பாடும். உங்க குழுவுல சேத்துக்கினா புண்ணியமாப் போவும்."

"நீ இன்னா வேலை செய்யற?"

"டேனரியில தோல் சுரண்டறேங்க."

கைக்குட்டை மறுபடி மூக்குக்கு ஏறியது. "முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்ட கதையால்ல இருக்கு! நாங்க பாடறது தேவ சந்நிதியில. தோல் சுரண்டற கை பட்ட எதுவும் என் பக்கத்துல வரக் கூடாது."

"பாப்பா குரலை ஒரு தபா கேட்டுட்டுச் சொல்லலாமே வாத்தியாரே" என்றான் இருதயராஜ்.

"உன் வேலையைப் பாரு. அந்தம்மா பொண்ணுக்கும் அதே சுரண்டற கத்தியக் குடுத்துப் பழக்கட்டும்."

ராஜம்மாளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. மகளிடம் என்ன சொல்வது என்று தெரியாமல், போகவும் மனமில்லாமல், வாசல் ஓரமாகவே நின்றாள்.

இருதயராஜ் வேலைக்குத் திரும்பினான். பனங்கற்கண்டு போன்ற மஞ்சள் கட்டிகள் ஊறிக்கொண்டிருந்த சட்டியைத் தணலில் ஏற்றினான். அவை உருகிப் பசையானதும், கழுத்தில் சூட்டோடு தடவிப் பலகையை வைத்து அழுத்தி, கயிறு சுற்றி இறுக்கினான்.

வாத்தியார் இணைப்பில் நகத்தை விட்டுப் பார்த்தார். நுழையவில்லை. தடவிப் பார்த்தார். இரண்டு மரம் என்றே தெரியவில்லை. பாராட்டில் கருமியான அவரும் வாய் திறக்க வேண்டியதாயிற்று.

"பலே! மதராஸ் கடைக்காரன் ரெண்டு தபா ஒட்டியும் என் மாண்டலின் பலகை பேந்து வந்துடுச்சு. இது இன்னா மரத்துப் பிசின்? எனக்கும் ரெண்டு கட்டி குடுப்பா."

இருதயராஜ் கையைத் துடைத்துக்கொண்டான்.

"மரத்துப் பிசின் இல்ல வாத்தியாரே. தோல்ல சுரண்டின சவ்வைக் காய்ச்சி ராஜம்மாக்காதான் செய்யறாங்க, வாசல்லதான் நிக்கறாங்க, நீங்களே கேளுங்க!"