பிரபுவின் முள்கரண்டி

ஹோலன்ஃபெல்ட் அரண்மனையில் மதிய விருந்து நடந்துகொண்டிருக்கிறது. பனி படிந்த ஜன்னல்களின் வெளிச்சம் வெள்ளித் தட்டுகளில் பட்டுத் தெறித்து, கூரையில் நடுங்குகிறது. பிரபு சாப்பிடும்போது வாசிப்பதற்கென்றே பல வருடங்களாக இசை எழுதிவருபவர் இசைக்குழுவின் தலைவர் ரீட்மன். அவருடைய வயலின்களோடு கரண்டிகளும் எப்போதும் சேர்ந்தே ஒலித்திருக்கின்றன. சாப்பாட்டு இசை என்றால் அப்படித்தான் என்று அவரும் இருந்துவிட்டார். இன்று பியானோ போன்ற ஹார்ப்சிகார்டில் அவர் வாசிப்பது, புதிதாகச் சேர்ந்த யோப்ஸ்ட் எழுதிய மெதுவான இசை. கரண்டிச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்குகிறது. கெண்டை மீனைக் குத்திய முள்கரண்டி பிரபுவின் வாய்க்கு முன்னால் அப்படியே நிற்கிறது. அதிலிருந்து பீர் ஊற்றிச் சமைத்த குழம்பு சொட்டுகிறது. “தொண்டையில முள்ளு மாட்டியிருக்கும்” என்று முணுமுணுக்கிறார் ரீட்மன். பக்கத்தில் செல்லோ வாசிக்கும் உர்பான் தலையைத் தூக்காமலே கேட்கிறார்: “எல்லாருக்குமா வாத்தியாரே? அங்க பிரபுவோட அம்மா அழுவுறாங்களே, அவங்களுக்குமா?” வயலின்காரர்களின் கடைசி வரிசையில் யோப்ஸ்ட் எதையும் கவனிக்காமல், சளி பிடித்த மூக்கை உறிஞ்சியபடி வாசிக்கிறான். ரீட்மனுக்குக் காது சுடுகிறது. இதைச் சீக்கிரம் முடித்துவிட வேண்டும். தலையசைத்துத் தாளத்தை விரட்டிப் பார்க்கிறார். ஒருவரும் அவரோடு வரவில்லை. வில்கள் எல்லாம் அதே நிதானத்தில் போய்க்கொண்டிருக்கின்றன. இன்னும் வேகமாகத் தலையசைக்கிறார். பொய்முடியில் பூசியிருந்த வெள்ளை மாவு உதிர்ந்து கைகளில் விழுகிறது. அந்தக் கைகளும் மெதுவாகத்தான் நகர்கின்றன, ஒவ்வொரு ஸ்வரத்தையும் விட்டுப் பிரிய மனமில்லாமல்.