குளியலறைத் தவளை

அரசு உயிரின ஆய்வு நிலையத்தில், சன்னல் வெயில் விழுகிற வெள்ளை மேசைமேல், தவளை ஆய்வாளனின் அக்கா தன் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிறாள். மூடியில் ஊசியால் குத்திய ஓட்டைகள் இருக்கின்றன. உள்ளே ஈரத்துணியின் மேல் கட்டைவிரல் அளவு தவளை ஒன்று தொண்டை துடிக்க உட்கார்ந்திருக்கிறது. "எங்க தெருக் குளத்தை மண்ணு போட்டு மூடினாங்கல்ல, அன்னிலேர்ந்து எங்க பாத்ரூம்லதான் இது குடித்தனம். தம்பி ஆபீஸ்ல கேப்பாங்களேன்னு கொண்டாந்தேன்" என்கிறாள். நாற்காலிகளைத் தள்ளிவிட்டு எல்லோரும் ஓடிவருகிறார்கள். இயக்குநர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிகிறார். "அழிஞ்சே போச்சுன்னு நெனச்சோமே!" யாரோ கைதட்டுகிறார்கள். தம்பி மட்டும் பீரோவை ஒட்டி நிற்கிறான். குளத்தை மூட அனுமதி கேட்டபோது, அங்கே இந்தத் தவளை இல்லை என்று சான்று கொடுத்தவன் அவன். தவளைகள் வெளியே வரும் மழைக்காலத்தில் போய்ப் பார்த்திருக்க வேண்டும். கோடையில் கரையை ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பியிருந்தான். "ஏன்டா ஒதுங்கி நிக்கிற? கிட்ட வந்து பாரு" என்று அக்கா சிரிக்கிறாள். "அங்க இது இல்லைன்னு எழுதிக் கொடுத்தது நான்தான்க்கா." மெதுவாகத்தான் சொல்கிறான், அறை முழுக்கக் கேட்டுவிடுகிறது. குனிந்த இயக்குநர் நிமிரவே இல்லை. அக்கா தம்பியின் முகத்தையும் தவளையையும் மாறி மாறிப் பார்க்கிறாள். அவள் திட்டுவதற்காக அவன் காத்திருக்கிறான். "அப்ப இதை எங்கடா கொண்டுபோய் விடுறது?" என்கிறாள். குத்திக்காட்டவில்லை, தெரியாமல்தான் கேட்கிறாள்.