மலை தெரிந்த ஒன்பது நிமிடம்

"அம்மா, மலை தெரியுது!" என்று கத்தினாள் வகானா.

முகம் காட்டுவதில் ஃபூஜி மலைக்கு எப்போதுமே சினிமா நடிகையின் பிகு உண்டு. காலையிலிருந்து மேகத்துக்குள் இருந்தது, ஒஷினோ கிராமத்தின் கூரை வீடுகளுக்குப் பின்னால் திடீரென்று முழுசாக நின்றது. குளக்கரையில் இருந்த அத்தனை பேரும் செல்போனைத் தூக்கினார்கள்.

சயோரி திரும்பிப் பார்த்தாள். கணவன் யசுனோரியைக் காணோம்.

"அப்பா எங்கடி?"

"வேற எங்கே? இனிப்புக் கடையிலதான். முக்கால் மணி நேரமாச்சு. பரீட்சையில்கூட நான் இவ்வளவு யோசிச்சதில்லை."

"அது உன் மார்க்கைப் பார்த்தாலே தெரியுது. போய்க் கூட்டிட்டு வா."

ஆறு வருஷமாகத் தள்ளிப்போன பயணம். மூன்று பேரும் மலையோடு சேர்ந்து ஒரே ஒரு படம். சயோரி ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

வகானா தனியாகத் திரும்பி வந்தாள். "இதோ வரேங்கிறாரு. கடைக்காரம்மாதான் பாவம். தனித்தனியா உறை போட்டதா, எத்தனை நாள் கெடாம இருக்கும், உள்ளே என்ன பூரணம்னு ஒரே போலீஸ் விசாரணை."

சயோரியே கடைக்கு ஓடினாள்.

"என்னங்க, மலை தெரியுது!"

"ஒரே நிமிஷம். பன்னிரண்டு இருக்கிற பெட்டியை எடுக்க உள்ளே போயிருக்காங்க."

"ஞாயித்துக்கிழமைகூட ஆபீஸ் நினைப்புதானா? மேனேஜர் நாக்குல தேன் தடவலைன்னா நாளைக்குப் பொழுது விடியாதோ?"

யசுனோரி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவள் வாசலைத் தாண்டியிருந்தாள்.

பெட்டியோடு அவன் குளக்கரைக்கு ஓடி வந்தபோது மேகம் மூடிவிட்டது. வகானாவின் கணக்குப்படி மலை தெரிந்தது சரியாக ஒன்பது நிமிடம். படத்தில் தாயும் மகளும் மட்டும்.

"மலையும் மூடிக்கிச்சு, அம்மாவும் வாயை மூடிக்கிட்டாங்க" என்றாள் வகானா.

திரும்பும் பஸ்ஸில் ஒரு மணி நேரம் சயோரி ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். கடைசி ஓய்விடத்தைத் தாண்டிய பிறகு சயோரி திடுக்கென்று நிமிர்ந்தாள்.

"ஐயோ! வேலை செய்யிற கிச்சன்ல கொடுக்க ஒண்ணுமே வாங்கலையே!"

பதினேழு வருஷம் வீட்டில் இருந்துவிட்டு, சாப்பாட்டுப் பெட்டி கட்டி விற்கும் அந்தச் சமையல்கூடத்தில் அவள் சேர்ந்து இரண்டே மாதம். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஞாயிறுதான் அங்கே மூச்சுவிட நேரமில்லாத நாள். அவள் பங்கு வேலையை இன்று மற்றவர்கள் பார்த்திருப்பார்கள். அதற்கு நன்றியாக, போன ஊரின் இனிப்பை ஆளுக்கொன்று கொடுப்பது ஜப்பானில் எழுதாத சட்டம். லீவு போட்டு ஊர் சுற்றியவள் நாளை வெறுங்கையோடு போய் நின்றால் யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். கேட்டுவிட்டால்கூடத் தேவலை.

"இறங்கினதும் ஷிஞ்சுகு பஸ் ஸ்டாண்டுல வாங்கிக்கலாமே?" என்றாள் வகானா.

"பெட்டி மேல மலைப் படம் இருக்கணும்டி! ஊர்ல வாங்கினா கண்டுபிடிச்சிடுவாங்க." சயோரியின் கண் கலங்கியது. "மலை மலைன்னு அலைஞ்சு, இதைப் போய் மறந்துட்டேனே..."

யசுனோரி தன் பையைத் திறந்து பெட்டியை எடுத்து அவள் மடியில் வைத்தான். மூடியில் மலை, மேகம் இல்லாமல்.

"வேணாங்க. மேனேஜருக்கு வாங்கினதை எனக்குக் கொடுத்துட்டு நீங்க என்ன பண்ணுவீங்க?"

"எங்க ஆபீஸே இன்னிக்கு லீவு. என் வேலையை யாரும் பார்க்கலை, நான் எதுக்கு அவருக்கு இனிப்பு தரணும்?" என்றான் யசுனோரி. "ஃபிரிட்ஜ்ல ஒட்டியிருக்கிற உன் டியூட்டி சார்ட்டில உன்னைச் சேர்த்துப் பன்னிரண்டு பேர். அதுல ஒடகிரி அம்மாவுக்குப் பயறுப் பூரணம் ஆகாதுன்னு நீதானே சொன்னே? அது இல்லாத இனிப்பைத் தேடிப் பிடிக்கத்தான் இவ்வளவு நேரமாயிடுச்சு."