நிலம் குறுகும் இடம்

இருபுறமும் கடல் சூழ்ந்த அந்த நிலத்தின் முனைவரை சைக்கிளிலேயே போய்விடலாம் என்று அடித்துச் சொன்னவன் சந்தானம்தான். பாதி வழியில் சக்கரங்கள் மணலில் புதைந்தன. அங்கே மூண்ட சண்டை, கல்யாணம் பண்ணிக்கொண்டதே தப்பு என்பதுவரை போயிற்று. "ஊருக்குப் போனதும் பிரிஞ்சிடலாம். இப்ப நீங்க அந்தக் கரையோரமாப் போங்க" என்றாள் அவன் மனைவி திலகா. திரும்பிவிடலாம் என்று சொல்ல இருவருக்குமே மனம் வரவில்லை. நடுவில் மணல்மேடு; ஆளுக்கொரு பக்கமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். போகப்போக மேடு தணிந்தது. முதலில் அவன் தொப்பி தெரிந்தது, பிறகு தோள், கடைசியில் முழு ஆளும். முனையில் இரண்டு சைக்கிளும் முட்டிக்கொண்டன. ஒருவர் விலகினால்தான் மற்றவர் திருப்ப முடியும். எந்தச் சண்டையிலும் விட்டுக்கொடுக்காத சந்தானம், சைக்கிளோடு பின்வாங்கி முழங்கால் நீரில் நின்றான்.

"ம், திருப்பு."

"ஷூ நனையுது பாருங்க" என்றாள் திலகா, திருப்பாமலே.