எழுந்ததிலிருந்து படுக்கிற வரைக்கும்

“எழுந்திருக்க, பல் தேய்க்க, தலை சீவ, சாப்பிட, தூங்க. இந்த வார்த்தைங்க மட்டும் போதும் டீச்சர், மத்ததை நீங்களே வச்சுக்கோங்க” என்று பேரத்தை ஆரம்பித்தார் பாத்திரக்கடைக்காரர்.

ஸ்பானிஷ் டீச்சர் சிரித்துவிட்டாள். “வியாபாரத்துக்கு ஸ்பெயின் போறவங்க விலை கேக்கத்தான் சார் முதல்ல கத்துக்குவாங்க. நீங்க அங்க போய் யாருக்குத் தலை சீவப் போறீங்க?”

“விலையை விரலாலேயே பேசிடுவேன். நீங்க சீவுறதைச் சொல்லுங்க.”

“பெய்னார்.”

வழியெல்லாம் அதையே முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

கட்டிலில் மனைவி சுவரைப் பார்த்துக் கிடந்தாள். ஓய்வு பெறும்வரை கல்லூரியில் ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்தவள். “உன் ஸ்பானிஷ் கிலோ என்ன விலைக்குப் போகுது?” என்று அவர் கேலி செய்யாத நாளில்லை. போன மாதம் மூளையில் ரத்தக்குழாய் அடைத்ததில் அவளுக்குத் தமிழ் மொத்தமும் துடைத்துக்கொண்டு போய்விட்டது. ஸ்பானிஷ் மட்டும்தான் மிச்சம். சீப்போடு யார் கிட்டே போனாலும், எதற்கென்று புரியாமல் மிரண்டு கையைத் தட்டிவிடுவாள்.

அவர் சீப்பைக் காட்டினார். “பெய்னார்?”

அவள் மெதுவாகத் திரும்பினாள். வகுப்பெடுக்கும் அதே பழைய குரலில் அவருடைய உச்சரிப்பைத் திருத்தினாள். கைகட்டிக்கொண்டு அவர் திருப்பிச் சொன்னார்.

சரியென்று தலையசைத்தவள், அந்தத் தலையை அவர் பக்கம் சாய்த்துக் கொடுத்தாள்.