அடுத்த வரி

“வலிக்குதா? சத்தம் போடாதடா. அம்மாவுக்குத் தெரியக்கூடாது.”

பொம்மையின் கையில் பேண்டேஜ் துணியைச் சுற்றிக்கொண்டே சின்னவள் சொன்னாள்.

சொன்னது ஏழு வயதுப் பெண். குரல் ஓர் ஆணுடையது.

பேச்சுப் பயிற்சி அறையின் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அம்மா சட்டென்று நிமிர்ந்தாள்.

அது அவள் கணவரின் குரல். அந்த ‘டா’வை ஒரு முழத்துக்கு இழுப்பது உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

அவர் கதவுக்கு வெளியேதான் இருந்தார். சின்னவளின் பையை மடியில் வைத்துக்கொண்டு.

சின்னவள் சொந்தமாகப் பேச மாட்டாள். கேட்டதைத்தான் திருப்பிச் சொல்வாள். கேட்ட குரலிலேயே, இழுப்பும் இருமலும் மாறாமல். பசித்தால் சூப்பர் மார்க்கெட் ஒலிபெருக்கிப் பெண்ணாக மாறி, “வாடிக்கையாளர்களின் அன்பான கவனத்திற்கு” என்பாள். தூக்கம் வந்தால் மாடி வீட்டுக்காரராகி, “யாருய்யா அது, மோட்டார நிறுத்துங்க” என்று அதட்டுவாள்.

‘நம்ம வீட்டு டேப் ரெக்கார்டர்’ என்று அவளுடைய அக்கா கிண்டல் செய்வாள். அந்தப் பெரியவள் பரீட்சைக்கு உருப்போட்ட பாடமெல்லாம் இவளுக்கும் தலைகீழ்ப் பாடம்.

ஆனால் டேப் ரெக்கார்டர் பொய் சொல்லாது. கேட்காத ஒன்றை அது சொல்லவே சொல்லாது.

“யாரு குரல் இது?” ஸ்பீச் தெரபிஸ்ட் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

அம்மா கதவைப் பார்த்தாள்.

தெரபிஸ்ட் எழுந்துபோய்ச் சத்தமில்லாமல் தாழ்ப்பாளைப் போட்டாள்.

அந்தத் தாழ்ப்பாள்தான் அம்மாவை உலுக்கியது. அப்படியானால் தெரபிஸ்டுக்கும் அதேதான் தோன்றியிருக்கிறது.

அம்மாவுக்கு மாலை ஷிப்ட். அவள் வீடு வந்து சேரும்போது பெண்கள் இரண்டு பேரும் தூங்கியிருப்பார்கள். அதுவரை அவர் பொறுப்பு. ‘எங்க வீட்டுக்காரர் மாதிரி பிள்ளைங்கள யாரு பார்த்துப்பாங்க’ என்று வேலை செய்யும் இடத்தில் பீற்றிக்கொண்டதெல்லாம் இப்போது முள்ளாகக் குத்தியது.

ஓடிப்போய்ச் சின்னவளின் கைகளைப் புரட்டிப் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள். கால்களைப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை.

கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இல்லை என்றதும் பயம் இரட்டிப்பானது.

“பாப்பா, யாரும்மா அப்படிச் சொன்னாங்க? அப்பாவா?”

“அப்பாவா,” என்றாள் சின்னவள்.

“கேள்வி கேட்டா கேள்விதாம்மா திரும்பி வரும்,” என்றாள் தெரபிஸ்ட். “எப்பவும் செய்றதையே செய்வோம். நீங்க அந்த வரியச் சொல்லுங்க. அடுத்த வரிய அவளே எடுப்பா.”

இந்த அறையில் அதுதான் வழக்கம். ஒரு வரியைக் கொடுத்தால் சின்னவள் அதற்கு அடுத்ததைக் கொடுப்பாள். அந்த நூலைப் பிடித்துக்கொண்டுதான் அவளுக்குப் பேச்சு சொல்லித் தருகிறார்கள்.

“என்னால முடியாது மேடம்.”

“நான் சொன்னா எடுக்க மாட்டாம்மா. அந்த இழுப்பு எனக்கு வராது. உங்களுக்கு வரும்.”

வரத்தான் செய்யும். எத்தனை வருடமாகக் காதில் விழுகிற இழுப்பு.

வெளியே அவர் யாரிடமோ பேசிச் சிரிப்பது கேட்டது. வேறு ஒரு குழந்தையின் அப்பாவாக இருக்கும்.

அம்மா தரையில் உட்கார்ந்தாள். அடுத்த வரி என்னவாக இருக்கும் என்று நினைக்கக்கூட அவளுக்குத் தைரியமில்லை. கேட்காமல் இந்தப் பெண்ணை அந்த வீட்டுக்குத் திரும்பக் கூட்டிப்போகவும் தைரியமில்லை.

கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

“வலிக்குதா? சத்தம் போடாதடா... அம்மாவுக்குத் தெரியக்கூடாது.”

பேண்டேஜ் சுற்றிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன.

சின்னவள் யாரையும் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்தாள். இப்போது வந்தது வேறு குரல். மெல்லிய, மூக்கடைத்த, அழுது முடித்த குரல்.

“வலிக்கலப்பா. பல்லு லேசாத்தான் பதிஞ்சிருக்கு. பாப்பா பாவம்பா, வேணும்னு கடிக்கல.”

அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“பெரியவ மேடம். இது எங்க பெரியவ குரல். இவ அக்காவக் கடிச்சிருக்கா, அவரு கட்டுப் போட்டிருக்காரு. அவ்வளவுதான்.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “சும்மா உட்கார்ந்திருந்த மனுஷன ஒரு நிமிஷத்துல தூக்குல ஏத்திட்டேன் பாருங்க.”

தெரபிஸ்டும் சிரித்துவிட்டாள். தாழ்ப்பாளைத் திறக்கக் கையை வைத்தவள், அப்படியே நின்றாள்.

“சரி, இது அம்மாவுக்கு ஏன் தெரியக்கூடாது?”

கேட்டது அம்மாவை. வரியை எடுத்தவள் சின்னவள்.

பொம்மையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். பின்னால் நகர்ந்து நகர்ந்து முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டாள். பிறகு நிதானமாக, ஒரு சொல் பிசகாமல் சொன்னாள்:

“இன்னொரு தடவ இவ யாரையாவது கடிக்கட்டும், ஹாஸ்டல்ல கொண்டுபோய் விட்டுட்டுத்தான் மறுவேலை. அப்புறம் யாரும் என் முன்னால நின்னு அழக்கூடாது.”

அது யாருடைய குரல் என்று தெரபிஸ்ட் கேட்கவில்லை.