பன்னிரண்டு நிமிடக் காற்று

வாத்தியார் சொன்னதை நான் பதினோரு வருடமாக நம்பவில்லை. அவர் சொன்னபடியே முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிறு மதியம். பள்ளிக்கூடத்தில் ஆய்வகத்துக்குப் பக்கத்து அறை. பௌதிக வாத்தியார், என் அண்ணன், மருந்துக்கடைக்காரர், டைலர் என்று நான்கு பேர். ஆளுக்கொரு தாள், பென்சில், நடுவில் இரண்டு பகடை. விண்வெளியில் என்ன நடக்கிறது என்று வாத்தியார் சொல்வார். மற்ற மூவரும் ஒரே விண்கலத்தின் ஆட்கள். தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். மருந்துக்கடைக்காரர் கேப்டன், டைலர் பைலட். ஊரில் லிஃப்ட் மெக்கானிக்கான அண்ணன் அங்கேயும் மெக்கானிக்.

வாத்தியாரிடம் சலுகையே கிடையாது.

"பிரேக் போடுறேன் சார்" என்பார் டைலர்.

"எதுல தேய்ச்சு நிறுத்துவ? அங்க ரோடா போட்டிருக்கு? கப்பலைப் பின்பக்கமாத் திருப்பி எஞ்சினை ஓட்டு."

"டமால்னு சத்தம் கேட்குதா சார்?"

"காத்தே இல்லாத இடத்துல சத்தம் எங்கேருந்துய்யா வரும்? அது என்ன உன் தையல் மெஷினா?"

பகடையை டிபன் பாக்ஸ் மூடியில், எல்லார் கண் முன்னாலும்தான் உருட்டுவார். யார் செத்தாலும் பகடைதான் பொறுப்பு.

அப்போது அண்ணனுக்கு இன்னும் சில வாரம்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சொன்னது என்னிடம். "அண்ணனுக்குத் தெரியவே கூடாது" என்று அண்ணியிடமும் அந்த மூன்று பேரிடமும் சத்தியம் வாங்கியது நான். ரிப்போர்ட்டைப் பரண்மேல் ஒரு பழைய பெட்டிக்குள் ஒளித்து வைத்தேன். "வெறும் அல்சர்தான்" என்று அவர் எதிரில் எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தோம்.

அந்த ஞாயிறு விண்கலத்தில் ஒரு கல் மோதியது. தொட்டியில் ஓட்டை. பீறிட்டு வெளியேறிய வாயு கப்பலையே பம்பரமாகச் சுழற்றிவிட்டது. வால்வை மூட அண்ணன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு வெளியே போனார். மூடியும்விட்டார்.

"கயிறு தாங்குதான்னு பார்ப்போம். அஞ்சுக்கு மேல விழுந்தா தாங்கும்" என்று வாத்தியார் பகடையை எடுத்தார். அன்றைக்கு மட்டும் டிபன் பாக்ஸ் மூடி இல்லை. நோட்டை நிமிர்த்தி வைத்து அதற்குப் பின்னால் உருட்டினார்.

"மூணு. அறுந்துடுச்சு."

சுற்றுகிற கப்பலிலிருந்து கழன்ற ஆள் நேர்கோட்டில் போய்க்கொண்டே இருப்பார். டைலர் எழுந்தே விட்டார்.

"நான் கப்பலைத் திருப்புறேன் சார். போய்த் தூக்கிட்டு வந்துடலாம்."

"சுத்துறதை நிறுத்தவே நாப்பது நிமிஷம் ஆகும். அவர் உடுப்புல இருக்கிற காத்து பன்னிரண்டு நிமிஷம். ரேடியோ மட்டும் வேலை செய்யும்."

"பன்னிரண்டை அழிச்சுட்டு அம்பதுன்னு போடுய்யா! பென்சில்தானே?" மருந்துக்கடைக்காரர் கத்தினார்.

வாத்தியார் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

அண்ணன் தன் தாளைப் பார்த்தபடியே பேசினாராம். கேப்டனிடம், "நீ எப்பவும் சிடுசிடுன்னுதான் இருப்ப. ஆனா ஆபத்துன்னா முதல்ல வந்து நிக்கிறது நீதான்யா" என்றார். பைலட்டிடம், "நீ தைச்ச விண்வெளி உடுப்புல ஒரு கை நீளம்டா. இத்தனை வருஷமா சொல்லலை. பரவாயில்லை, இதையே போட்டுக்கிட்டுப் போறேன்" என்றார். டைலர் சிரித்துக்கொண்டே அழுதார்.

"கீழே எனக்கு ஒரு தம்பி இருக்கான்..." என்று அண்ணன் ஆரம்பித்தார். காற்று முடிந்துவிட்டது.

அண்ணன் வீட்டுக்குக் கிளம்பியதும் மருந்துக்கடைக்காரர் வராந்தாவில் வாத்தியாரின் சட்டையைப் பிடித்தார்.

"சாகப் போற மனுஷனை விளையாட்டுலகூட விட்டு வைக்கலையே. நீயெல்லாம் மனுஷனாய்யா?"

"பகடையில மூணு விழுந்துச்சு. நான் என்ன பண்ண?"

பதினெட்டாம் நாள் அண்ணன் போய்விட்டார். அதற்கப்புறம் அந்த மேஜைக்கு யாரும் போகவில்லை. மருந்துக்கடைக்காரர் வாத்தியாருக்கு மாத்திரை கொடுப்பார், முகத்தைப் பார்க்க மாட்டார். நானும் சண்டைக்குப் போனேன். எனக்கும் அதே பதில்தான்: "மூணு விழுந்துச்சுப்பா." அந்த மனிதர் பொய் சொல்கிறார் என்று அன்றே எனக்குத் தோன்றியது. ஏன் என்று மட்டும் விளங்கவில்லை. கல்நெஞ்சு என்று முடிவு கட்டிக்கொண்டு, தெருவில் அவரைக் கண்டால் எதிர்ப்பக்கம் நடந்தேன்.

போன மாதம் அண்ணி ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"உங்க அண்ணனோட டூல்ஸ் பெட்டிக்கு அடியில இருந்துச்சு, தம்பி. கப்பல், கயிறுன்னு என்னென்னவோ எழுதியிருக்கு. அந்த வாத்தியாரோடதா இருக்கும், குடுத்துடுங்க."

அண்ணனின் விளையாட்டுத் தாள். பின்பக்கம் பேனாவால் நெருக்கி எழுதியிருந்தது. 'நீ எப்பவும் சிடுசிடுன்னுதான் இருப்ப...' அதற்குக் கீழே, 'ஒரு கை நீளம்டா...' எல்லாம் வார்த்தை மாறாமல். கடைசியில் எனக்கும் ஒரு வரி இருந்தது.

'தம்பி, ரிப்போர்ட்டைப் பரண்மேல வச்சிருக்கே. மழைக்கு அங்க ஒழுகும். எடுத்து வேற இடத்துல வை.'

அண்ணன் எதை எழுதினாலும், லிஃப்ட் சர்வீஸ் கார்டில் போடுகிற மாதிரி, அடியில் தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்து வைப்பார். இதிலும் இருந்தது. விளையாட்டுக்கு முந்தின நாள். சனிக்கிழமை, மாலை நாலு மணி.

வாத்தியார் வீட்டுக்குப் போனேன். பார்வை மங்கியிருந்தது அவருக்கு. தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் படித்தார். பிறகு மடித்து என்னிடமே நீட்டினார்.

நான்தான் கேட்டேன்.

"சார், அன்னைக்குப் பகடையில நிஜமா என்ன விழுந்துச்சு?"